ஊழியத்தில் களைத்துப்போவது விசுவாசக் குறைவா?

கடலூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 46. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் நர்ஸ். காலை 6.15-க்கு பஸ் பிடிக்கக் கிளம்பினால் மாலை 6.15-க்குத்தான் வீடு. வாரத்தில் ஆறு நாள் இப்படி. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமியாரை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. மகள் கல்லூரி, மகன் பிளஸ் டூ. சபையில் சண்டே ஸ்கூல் பொறுப்பு, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் பொறுப்பு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்தும் பொறுப்பு மூன்றும் இவரிடம். இரவு பதினொன்றுக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பது பல வருடப் பழக்கம். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சாப்பிடுகிறார்.

“எட்டு மாதமாக ஜெபத்தில் உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. நோயாளிகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. போன மாதம் ஒன்பதாம் பெட்டுக்குப் போடவேண்டிய இன்சுலினைப் பத்தாம் பெட்டுக்குப் போடப் போய்விட்டேன், ஜூனியர் பெண் தடுத்தாள். போதகர் ஐயாவிடம் சொன்னதற்கு, ‘சத்துரு ஊழியத்தைத் தடுக்கப் பார்க்கிறான், இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்’ என்றார். ஊழியத்தை விட்டால் ஆசீர்வாதம் போய்விடுமோ என்று பயம். வேலையை விட்டுவிடலாமா? மனநல டாக்டரைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் தெரிந்துவிடுமா? சில ராத்திரி, தூங்கினவள் எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. சாகவேண்டும் என்றெல்லாம் இல்லை. இப்படி நினைப்பது பாவம்தானே?”

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் நீங்கள் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் பிறகு. ‘எழுந்திருக்காமல் போனால் நல்லது’ என்ற நினைப்பை மருத்துவர்கள் சாதாரணமாக விடுவதில்லை. சாகும் திட்டம் இல்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் திட்டம் இல்லாத நினைப்புகூட, தூக்கம் கெடக் கெட, திட்டமாக மாறக்கூடும். ஆகவே இந்த வாரத்திலேயே மூன்று காரியம் செய்யுங்கள். இன்றிரவே கணவரிடம் இந்த வரியை இப்படியே சொல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்துகளை எல்லாம் அவர் கையில் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள்; உங்கள் மாத்திரையை அவரே அன்றன்றைக்கு எடுத்துத் தரட்டும். ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க நாள் குறியுங்கள். நடுராத்திரியில் நினைப்பு பலமாக வந்தால் 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பாவமா என்று கேட்டீர்கள். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வாய்விட்டே கேட்டார் (1 இராஜாக்கள் 19). அவருக்குக் கண்டிப்பு வரவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், தூக்கம். மறுபடியும் அதே அடை, அதே தண்ணீர். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். பேச்சு முடிந்ததும் அவருக்குக் கிடைத்தது கூட ஒரு ஆள், எலிசா. இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர்கள், கர்த்தர் எலியாவிடம் மெல்லிய சத்தத்தில் பேசிய இடத்தோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் அடையையும் எலிசாவையும் விட்டுவிடாதீர்கள்.

இது விசுவாசக் குறைவு அல்ல, கணக்குக் குறைவு

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து ஒரு வாரத்தைக் கூட்டிப் பார்த்தேன். வேலையும் பஸ்ஸும் 72 மணி நேரம். மாமியாருக்குத் தினம் இரண்டரை என்று 17.5. சமையலும் வீடும் 21. சபைக்கு ஞாயிறு ஆறரை, வெள்ளி இரண்டரை, சங்கக் கூட்டம் இரண்டு, பாடம் தயாரிக்க இரண்டு, ஆக 13. அதிகாலை ஜெபம் 7. தூக்கம் 35. மொத்தம் 165.5. வாரத்துக்கு உள்ளதே 168 மணிதான். குளிக்க, சாப்பிட, உடம்பு சரியில்லை என்றால் படுக்க, பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேச உங்களுக்கு மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். இந்த வாரத்தை எந்தப் பரிசுத்தவானிடம் கொடுத்தாலும் எட்டு மாதத்தில் வார்த்தை வற்றித்தான் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், ஐசிடி-11 என்பார்கள், பர்ன்அவுட் என்பது நோயாக அல்ல, சமாளிக்கப்படாத நெடுநாள் வேலைப்பளுவால் வரும் நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் விலகலோ கசப்போ வருவது, முன்போல வேலை ஓடவில்லை என்பது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அந்த வரையறை சம்பள வேலையைப் பற்றியது. ஆனால் உங்கள் உடம்புக்கு இது டியூட்டி, இது ஊழியம் என்ற பாகுபாடு தெரியாது.

போதகரைக் குறை சொல்லமாட்டேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டே ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிலிப்பியர் 4:13. அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பேசுவது பசியையும் குறைவையும் தாங்கப் பழகியதைப் பற்றி; நாலு கமிட்டியில் இருப்பதைப் பற்றி அல்ல. அடுத்த வசனத்தையும் படியுங்கள்: என் உபத்திரவத்தில் நீங்கள் பங்குபெற்றது நல்லது என்று உதவி செய்தவர்களைப் பாராட்டுகிறார். பெலன் உண்டு என்று சொன்ன கையோடு உதவியையும் வாங்கிக்கொண்டவர் அவர்.

ஜெபத்தில் வார்த்தை வராததற்கு ஒரு சின்ன மாற்று: சொந்த வார்த்தையைத் தேடாதீர்கள், சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 88-ம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையும் வெள்ளிக்கிழமை உபவாசமும்

மனசு என்று முடிவு கட்டுவதற்குமுன் உடம்பைப் பார்க்கவேண்டும். நர்ஸுகள் தங்களுக்கு மட்டும் பரிசோதனை எழுதிக்கொள்வதில்லை. ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., விட்டமின் பி12, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிக்கு எச்.பி.ஏ.1சி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் இந்த ஐந்தும் போதும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு, இதே மறதி வரும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம்; பாதத்தில் மரமரப்பு இருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். 46 வயதில் மாதவிலக்கு ஒழுங்கு தவறுவதும், இரவில் வியர்த்து விழிப்பதும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கிளிமிப்ரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாலை ஆறரை வரை பட்டினி கிடப்பது ஆபத்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் கை நடுக்கம், வியர்வை, பிள்ளைகள்மேல் காரணமில்லாத கோபம் என்று நீங்கள் எழுதியிருப்பது சத்துருவின் வேலையாகத் தெரியவில்லை, சர்க்கரை தாழ்ந்திருக்கிறது. அடுத்த முறை அப்படி வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை, ஏறியதும் சாப்பாடு. மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருக்கிறேன் என்று நீங்களாக முடிவெடுக்கவும் வேண்டாம். தானியேல் மூன்று வாரம் துக்கித்திருந்தபோது ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும்தான் விட்டார் (தானியேல் 10:3). மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, காபி பலகாரத்தை விட்டு நீங்களும் ஜெபத்துக்குப் போகலாம். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுத்தது தூக்கம். ஏழு மணி நேரம் கட்டாயம்: பத்துக்குப் படுத்து ஐந்துக்கு எழவேண்டும். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்பீர்கள், மாற்கு 1:35. அதே மாற்கு 4:38-ல் புயலுக்கு நடுவே படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். 127-ம் சங்கீதமும் அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது வீண் என்றுதான் சொல்கிறது. நாலு மணி ஜெபத்தை இருபது நிமிடமாக்கி ஐந்துக்கு மாற்றுங்கள். மாலை டியூட்டி ரூம் டீயை நிறுத்துங்கள். மதியம் இரண்டுக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மரப்பாலத்தில் பஸ் ஏறினால் கன்னியக்கோவில் தாண்டும்வரை போனை எடுக்காதீர்கள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த நேரத்தில் பதில் போடுவதும் வேலைதான். இரவு சாப்பிட்டபின் பத்து நிமிடம் தெருவில் நடந்தால் சர்க்கரைக்கும் நல்லது. ஞாயிறு மாலை சில்வர் பீச் கூட்டத்தில் மாட்டிக்கொள்வதை நான் நடைப்பயிற்சி என்று சொல்லமாட்டேன்.

எதை இறக்கிவைப்பது, எதை வைத்துக்கொள்வது

எல்லா ஊழியத்தையும் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். சோர்ந்திருக்கிறவர் சபையிலிருந்தும் விலகினால் தனிமை கூடும், நினைப்புகள் இன்னும் கனக்கும். மூன்றில் எது முடிந்ததும் மனசு கொஞ்சமாவது லேசாகிறது? சின்னப் பிள்ளைகள் வகுப்பில் மட்டும் சிரிப்பு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். சண்டே ஸ்கூல் நிர்வாகம், செயலாளர் பொறுப்பு, வெள்ளிக்கிழமை மூன்றையும் ஒப்படையுங்கள்.

போதகரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “ஐயா, எனக்கு உடம்பு முடியவில்லை, டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் வகுப்பை மட்டும் எடுக்கிறேன். மற்ற பொறுப்புகளை இந்த மாதக் கடைசியில் ஒப்படைக்கிறேன். நோட்டையும் கணக்கையும் யாரிடம் தரட்டும்?” கடைசிக் கேள்வி முக்கியம். ‘விட்டுவிடட்டுமா’ என்று கேட்டால் இந்த கிறிஸ்துமஸ் கேரல் முடியட்டும், அறுப்பின் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போகும். ‘யாரிடம்’ என்று கேட்டால் ஒரு பெயரைத்தான் சொல்லியாகவேண்டும். கூட்டக் குறிப்பு நோட்டு, ரசீதுப் புத்தகம், பாஸ்புக், கையிருப்புத் தொகை நாலையும் பட்டியல் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு விஷயத்தில் பின்னால் ஒரு பேச்சு வந்தால் சோர்ந்த மனசு தாங்காது. வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பையும் அன்றே மாற்றுங்கள்.

ஆசீர்வாதம் போய்விடும் என்ற பயத்துக்கு எண்ணாகமம் 8:25, 26-ஐப் பாருங்கள். லேவியர் ஐம்பது வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் வேலையிலிருந்து நின்றுவிடவேண்டும். அதன்பிறகு சகோதரரோடு ஒத்தாசையாக இருக்கலாம், வேலை செய்யவேண்டியதில்லை. நிற்கிற வயதையே சட்டமாக எழுதிவைத்த வேதம், பொறுப்பை இளையவரிடம் தருகிறவரைச் சபிப்பதாக நினைக்க இடமில்லை. அதேபோல, ஞாயிற்றுக்கிழமையை உங்கள் ஓய்வுநாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஆசாரியர்களுக்கு ஓய்வுநாள் ஆலயத்தில் வேலைநாள்தான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 12:5). உங்களுக்கும் அப்படியே. ஞாயிறு பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை பாடத் தயாரிப்போ வீடு சந்திப்போ வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு வகுப்பும் எடுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து ஆராதித்துவிட்டு வாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. முதல் இரண்டு மூன்று வாரம் ஓய்வு நன்றாயிருக்காது. குற்ற உணர்ச்சி வரும், நாலு பேர் போன் செய்து ‘ஏன் சிஸ்டர் வரலை’ என்பார்கள், நீங்களும் சும்மா இருக்கத் தெரியாமல் பீரோவை ஒழிக்க ஆரம்பிப்பீர்கள். கிடைத்த நேரத்தில் வேறு வேலையை நிரப்புவதுதான் பலரும் இதில் தோற்குமிடம்.

வீட்டுக்கு வருவோம். ‘அம்மாவுக்குச் செய்வது பெண்கள் வேலை’ என்று கணவர் நினைக்கிறார் என்றீர்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பதற்கு ஆண், பெண் என்ன இருக்கிறது? அவர் கை உங்களைவிட வலுவானது. இடுப்பில் விரிப்பைக் கொடுத்து இரண்டு பேராக நகர்த்தும் முறையை நீங்களே கற்றுக்கொடுங்கள். காற்று மெத்தை வாங்கினால் தோலின் நிலையைப் பார்த்து இரவு இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், அதை முடிவு செய்ய உங்களுக்கே தெரியும். ஷிப்டு இல்லாத இரவுகள் அவருடையவை. காய் நறுக்குவதும் பாத்திரமும் பிள்ளைகளுடையவை, பிளஸ் டூ என்பது விலக்கு அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரைப் பதியுங்கள்.

நெய்வேலிக் கொழுந்தனார் மாதம் 3,000 ரூபாய் அனுப்புவதோடு சரி என்கிறீர்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் என்று சொல்வது மகன், மகள், பேரன், பேத்தியை. மருமகள் அதில் இல்லை. தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லவில்லை. உங்கள் கணவர் தம்பியிடம், ‘மாதம் நாலு நாள் நீ வந்து இரு, இல்லையென்றால் பகலில் ஆள் வைக்கப் பாதிப் பணம் கொடு’ என்று கேட்கும்போது கூச்சப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கேட்கவேண்டியது கணவர்தான், நீங்கள் அல்ல.

மனநல மருத்துவரும் வேலையும்

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமில்லை, மனசு இருண்டே கிடக்கிறது என்றால் அது பர்ன்அவுட்டைத் தாண்டி மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஓய்வு மட்டும் அதற்குப் போதாது. பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. இன்று பொதுவாகக் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரை போன்றவை அல்ல, அடிமையாக்காது. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சரியானபிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. சர்க்கரை மாத்திரையை விசுவாசக் குறைவு என்று நினைக்காத நீங்கள் இதையும் அப்படி நினைக்கவேண்டாம்.

ரகசியம் பற்றி: 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தைக் காக்கும் உரிமையைத் தருகிறது, மருத்துவர் உங்கள் முதலாளியிடம் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே பார்க்காதீர்கள், சட்டம் இருந்தாலும் கேன்டீன் வாய்க்குப் பூட்டு கிடையாது. கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரிலேயே என்றால் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இன்சுலின் சம்பவத்தை உங்கள் பாவமாகச் சுமக்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். சம்பவ அறிக்கை எழுதுங்கள். நீங்கள் கடிதத்திலும் ஒன்பதாம் பெட், பத்தாம் பெட் என்றே எழுதுகிறீர்கள்; படுக்கை எண் நோயாளியின் அடையாளம் அல்ல. பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) இரண்டையும் கைப்பட்டையில் பார்த்தபிறகே ஊசி, இன்சுலினுக்கு இன்னொரு நர்ஸ் தனியாகச் சரிபார்க்கவேண்டும் என்பதை வார்டு முழுக்க வழக்கமாக்குங்கள். களைத்த மூளைக்கு இந்த இரண்டாவது கண் கட்டாயம்.

ராஜினாமாவை இப்போது எழுதாதீர்கள். தூக்கமில்லாத தலை எடுக்கும் முடிவுகளில் வேலையை விடுவதுதான் திருப்பி எடுக்கக் கடினமானது. ஆறு வாரம் ஒழுங்காகத் தூங்கி, பரிசோதனை முடிவுகளுக்கு மருந்து தொடங்கியபிறகு யோசிக்கலாம். அதுவரை நர்சிங் சூப்பரின்டெண்டிடம் இரண்டு மாதத்துக்கு இன்சார்ஜ் பொறுப்பிலிருந்து விடுவிப்போ, ஓ.பி.க்கு மாற்றமோ கேளுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்து, தேவையான நாட்களுக்குச் சந்தாவும் கட்டப்பட்டிருந்தால், நோய் விடுப்பில் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். விடுப்பு எடுக்கும் முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் வாங்கிவிடுங்கள். வீட்டில் பத்து நாள் படுத்துவிட்டுப் பிறகு போய்ப் பழைய தேதிக்குக் கேட்டால் சிக்கல்தான்.